அடைப்பு நேரத்தில் இதயம் தன்னை எப்படிக் காத்துக்கொள்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதயத் தசைக்கு வரும் ரத்தம் அதன் தேவைக்குக் கீழே இறங்கிவிடுவதை இஸ்கீமியா என்கிறார்கள். இந்தப் பக்கத்தில் அதை ரத்தக்குறை என்றே எழுதுகிறோம். ரத்தக்குறையைச் சமாளிக்க இதயத்துக்குள்ளேயே சில ஏற்பாடுகள் இருக்கின்றன. அவை என்ன, எவ்வளவு நேரம் தாங்கும், எங்கே கைவிட்டுவிடும் என்பதைப் பற்றிய கேள்விகளும் பதில்களும் இவை.

கையில் ரத்தம் நின்றால் மரத்துத்தான் போகிறது. இதயத் தசை மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் சாகிறது?

அதனிடம் கையிருப்பு கிடையாது. கை, கால் அறுவையில் டூர்னிகே பட்டையை இறுக்கி ஏறக்குறைய 2 மணி நேரம் வரை ரத்தத்தை நிறுத்தி வைக்கிறார்கள். ஓய்வில் கிடக்கும் கைத்தசைக்குச் செலவு மிகக் குறைவு. இதயத்துக்கு ஓய்வே இல்லை. சுமார் 300 கிராம் எடையுள்ள அது, நாம் சும்மா படுத்திருக்கும்போதும் நிமிடத்துக்கு 250 மில்லி அளவுக்கு ரத்தத்தைக் கரோனரி குழாய்கள் வழியாகத் தனக்கே எடுத்துக்கொள்கிறது. அந்த ரத்தத்திலுள்ள ஆக்சிஜனில் 70 முதல் 80 சதவீதத்தை ஒரே சுற்றில் உறிஞ்சிவிடுகிறது. உடல் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் இந்த அளவு கால் பங்குதான். அதனால் தேவை கூடும்போது அதே ரத்தத்திலிருந்து இன்னும் கொஞ்சம் ஆக்சிஜனைக் கறந்துகொள்ள இதயத்தால் முடியாது. அதிக ரத்தம் வந்தாக வேண்டும்.

செல்லுக்குள் சக்தியைக் கொண்டுசேர்க்கும் ஏடிபி என்ற மூலக்கூறும் இருப்பில் அதிகம் இல்லை. இதயத் தசையிலுள்ள ஏடிபி முழுவதும் ஏறத்தாழ 10 விநாடிகளுக்கு ஒருமுறை தீர்ந்து, புதிதாக உண்டாகிறது. அடைப்பு விழும்போது இதயத்துக்கு யோசிக்கக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

அடைப்பு விழுந்த முதல் சில நிமிடங்களில் உள்ளே என்ன நடக்கிறது?

முதல் வேலையாக, அந்தப் பகுதித் தசை துடிப்பதை நிறுத்திக்கொள்கிறது. ஆஞ்சியோபிளாஸ்டியில் பலூனை ஊதிக் குழாயை அடைக்கும்போது இந்த வரிசையை நேரிலேயே பார்க்கலாம். சில விநாடிகளில் தசை தளரும் வேகம் குறையும். அடுத்து சுருக்கம் குறையும். பிறகு ஈசிஜி மாறும். நெஞ்சுவலி கடைசியில்தான் வரும், சிலருக்கு வராமலே போகும். சுருங்காமல் நிற்பதைப் பழுது என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். ஆனால் இதயத்தின் சக்தியில் 60 முதல் 70 சதவீதம் சுருங்குவதற்கே செலவாகிறது. அதை நிறுத்தினால் மிஞ்சும் ஏடிபியைக் கொண்டு செல்லின் உள்ளே சோடியம், கால்சியம் அளவுகளைச் சரியாக வைத்திருக்கும் பம்புகளை இன்னும் சில நிமிடங்கள் ஓட்டலாம். செல் உயிரோடு இருப்பது அந்தப் பம்புகளால்தான்.

சுருக்கத்தை நிறுத்துவது யார்? உடைந்த ஏடிபியிலிருந்தும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற அவசரச் சக்தி இருப்பிலிருந்தும் வெளிவரும் பாஸ்பேட்டும், ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை உடைப்பதால் சேரும் அமிலமும்தான். இரண்டும் சேர்ந்து, சுருங்கு என்ற கால்சியத்தின் கட்டளையைத் தசை இழைகள் கேட்காதபடி செய்கின்றன. கூடவே செல் சுவரில் ஒரு பொட்டாசியம் கதவு திறக்கிறது. ஏடிபி போதுமான அளவு இருக்கும்வரை மூடியிருந்து, அது குறையும்போது திறப்பது இந்தக் கதவின் இயல்பு. இதய செல்லில் இதை ஜப்பானிய ஆய்வாளர் அகினோரி நோமா 1983இல் கண்டார். கதவு திறந்தால் ஒவ்வொரு மின்துடிப்பும் குட்டையாகும், உள்ளே நுழையும் கால்சியம் குறையும், செலவும் குறையும்.

அடுத்தது அடினோசின். ஏடிபி படிப்படியாக உடைந்து கடைசியில் எஞ்சுவது இது. சக்தி தீர்ந்துவிட்டது என்பதற்கான அடையாளமே சக்தியைச் சேமிக்கச் சொல்லும் தூதாகவும் வேலை செய்கிறது. இதயத்தின் ஏற்பாடுகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். செல்லுக்கு வெளியே கசியும் அடினோசின் அக்கம்பக்கத்துச் சிறு குழாய்களை விரிக்கிறது, துடிப்பு வேகத்தைத் தணிக்கிறது, இதயத்தை வேகமாகத் துடிக்கவைக்கும் நார்அட்ரினலின் நரம்பு முனைகளிலிருந்து கொட்டுவதைக் குறைக்கிறது, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதையும் தடுக்கிறது. கரோனரி ரத்த ஓட்டத்தை இது ஆள்கிறது என்ற கருத்தை ராபர்ட் பெர்ன் 1963இல் முன்வைத்தார். ரத்தத்தில் இதன் ஆயுள் 10 விநாடிக்கும் குறைவு. திடீர்ப் படபடப்பை நிறுத்த அவசரப் பிரிவில் 6 மில்லிகிராம் அடினோசினை வேகமாக ரத்தக் குழாயில் செலுத்துவார்களே, அப்போது சில விநாடிகள் இதயம் நின்றுபோனதுபோல் இருக்கும். அதே மூலக்கூறுதான், அளவு மட்டும் பெரிது.

எரிபொருளும் மாறுகிறது. சாதாரண நாளில் இதயம் பெரும்பாலும் கொழுப்பு அமிலங்களை எரித்தே ஓடுகிறது, அதற்கு ஆக்சிஜன் கட்டாயம். ரத்தம் நின்றதும் தசையில் சேமித்த கிளைகோஜனை உடைக்கத் தொடங்கும். ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸில் 30க்கு மேல் ஏடிபி கிடைக்கும். இல்லாதபோது 2, கிளைகோஜன் வழியாக வந்தால் 3. சுருங்கிய வருமானம். அதிலும் ஒரு திருட்டு நடக்கும்: செல்லின் சக்திக்கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜன் இல்லாதபோது, ஏடிபியை உருவாக்கும் நொதி தலைகீழாகச் சுழன்று இருக்கும் ஏடிபியைத் தின்ன ஆரம்பிக்கும். செல்லில் அமிலம் ஏறியதும் ஐஎஃப்1 என்ற சிறு புரதம் அந்த நொதியில் ஒட்டிக்கொண்டு சுழற்சியைப் பெருமளவு தடுத்துவிடும்.

எத்தனை நிமிடம் தாங்கும்?

துணைக் குழாய்கள் இல்லை, உடலும் வழக்கமான வெப்பத்தில் இருக்கிறது என்றால் சுமார் 20 நிமிடம் வரை சேதம் மீளக்கூடியது. அதன் பிறகு தசை சாகத் தொடங்குகிறது, ஆனால் ஒரேயடியாக அல்ல. ரைமரும் ஜென்னிங்ஸும் 1977இல் நாய்களில் காட்டியதுபோல், இதயச் சுவரின் உட்பக்கத்தில் தொடங்கி வெளிப்பக்கம் நோக்கி அலையாக நகர்கிறது. சுவரின் தடிமனில் இறந்த பங்கு 40 நிமிடத்தில் 38 சதவீதம், 3 மணி நேரத்தில் 57, 6 மணி நேரத்தில் 71, ஒரு நாளில் 85. உட்பக்கம் முதலில் போவதற்குக் காரணம், அங்கே அழுத்தம் அதிகம், செலவும் அதிகம், வெளியிலிருந்து வரும் குழாய்களுக்கு அது கடைசி எல்லை.

முதல் ஒரு மணி நேரம் ஏன் அவ்வளவு விலை உயர்ந்தது என்பதற்கு இந்த எண்களே விளக்கம். 12 மணி நேரம் கழித்துத் திறப்பதில் பலன் ஏன் மெலிந்துபோகிறது என்பதற்கும் இவைதான்.

அறுவை அரங்கில் மட்டும் இதயம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ரத்தமில்லாமல் தாங்குவதைப் பார்க்கலாம். அங்கே பொட்டாசியம் மிகுந்த கரைசலைச் செலுத்தி இதயத்தை முழுக்க நிறுத்தி, குளிரவும் வைத்துவிடுவார்கள். துடிக்காத இதயத்தின் ஆக்சிஜன் செலவு பத்தில் ஒரு பங்குக்கு இறங்கும், குளிரில் இன்னும் இறங்கும். அடைப்பு விழுந்த தசை தானாகச் செய்துகொள்வதை முழு அளவில் செய்வதுதான் இது.

ஒரே இடத்தில் அடைப்பு. ஒருவர் இறந்துவிடுகிறார், இன்னொருவருக்கு லேசான வலியோடு போகிறது. எப்படி?

பல காரணங்கள் உண்டு. பெரிய காரணம் கொலாட்டரல் எனப்படும் துணைக் குழாய்கள். ஒரு கரோனரி குழாயின் எல்லையையும் அடுத்ததன் எல்லையையும் இணைக்கும் மெல்லிய குழாய்கள் பிறவியிலேயே இருக்கின்றன, ஆனால் ஆளுக்கு ஆள் அளவு வேறு. கரோனரி நோயே இல்லாதவர்களில்கூட நாலில் அல்லது ஐந்தில் ஒருவருக்கு, ஒரு நிமிடம் பலூன் ஊதி அடைத்தாலும் ஈசிஜி மாறாத அளவுக்குத் துணை ஓட்டம் இருக்கிறது. அடைப்பு நோய் உள்ளவர்களில் இது மூன்றில் ஒருவர் என்ற அளவுக்கு ஏறுகிறது.

விலங்குகளில் இந்த வித்தியாசம் இன்னும் அப்பட்டம். கினிப் பன்றியின் கரோனரி குழாயைக் கட்டிவிட்டாலும் தசை சாவதில்லை, அவ்வளவு துணைக் குழாய்கள். பன்றிக்கும் முயலுக்கும் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நாய் நடுவில். எந்த விலங்கில் சோதித்தார்கள் என்று தெரியாமல் ஒரு இதயப் பாதுகாப்பு ஆய்வின் முடிவை நம்பக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

குழாய் மெதுவாக, மாதக்கணக்கில் சுருங்கினால் துணைக் குழாய்கள் வளர நேரம் கிடைக்கும். அடைப்புக்கு அப்பால் அழுத்தம் குறையும்போது ரத்தம் இந்த மெல்லிய இணைப்புகள் வழியே வேகமாகப் பாயும். உட்சுவரில் அந்த உராய்வு ஏறியதும் சுவர் செல்கள் பெருகி, நூலிழை போன்ற குழாய் அகன்று தசைச் சுவர் கொண்ட தமனியாகிவிடும். இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். 6,529 பேரை உள்ளடக்கிய 12 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான அலசலில், துணை ஓட்டம் நன்றாக இருந்தவர்களின் இறப்பு அபாயம் 36 சதவீதம் குறைவு. 35 வயதில் முதல் முறையாகக் கொழுப்புப் படிவு வெடித்து ரத்தக்கட்டி அடைத்தவருக்கு இந்த அவகாசம் எதுவும் கிடைத்திருக்காது. இளவயது மாரடைப்பு சில நேரம் மிக மூர்க்கமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆஞ்சியோ அறிக்கையில் "100 சதவீத அடைப்பு, கொலாட்டரல் நன்றாக உள்ளது" என்று இருக்கிறது. அப்படியானால் சிகிச்சை வேண்டாமா?

அப்படி முடிவுகட்ட வேண்டாம். அறிக்கையில் ரென்ட்ராப் 0 முதல் 3 வரை ஒரு தரம் குறிப்பிட்டிருப்பார்கள். 3 என்றால் அடைபட்ட குழாயின் பெரிய பகுதி முழுவதும் துணைக் குழாய் வழியே நிரம்புகிறது என்று பொருள். அந்த ஓட்டம் தசையை உயிரோடு வைத்திருக்கப் போதும், ஓய்வில் வேலை செய்யவும் பெரும்பாலும் போதும். மாடி ஏறும்போது போதாது. முழு அடைப்புக்குப் பின்னால் உள்ள தசையில் அழுத்தத்தை அளந்து பார்த்தால், கொலாட்டரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உழைப்பின்போது ரத்தக்குறை இல்லாதவர்கள் மிக அரிது. அடைப்பைத் திறக்கலாமா என்பது வலி, மாத்திரையில் அது அடங்குகிறதா, எவ்வளவு தசை பணயத்தில் இருக்கிறது என்பவற்றைப் பொறுத்தது. இன்னொன்று: துணை ஓட்டம் தரும் குழாயிலேயே நாளை அடைப்பு வந்தால் இரண்டு பகுதிகளும் ஒன்றாகப் பாதிக்கப்படும்.

கொலாட்டரலை வளர்க்கலாம் என்கிறார்கள். விளம்பரங்களில் வரும் இஇசிபி உண்மையில் "இயற்கை பைபாஸ்"தானா?

ஒழுங்கான உடற்பயிற்சி துணை ஓட்டத்தைக் கூட்டுகிறது என்பதற்குச் சிறிய ஆனால் கவனமான ஆய்வுகள் உண்டு. காரணம் மேலே சொன்ன உராய்வுதான். இஇசிபியும் அதே தத்துவத்தில் இயங்குவது: கால்களிலும் இடுப்பிலும் கட்டிய பட்டைகள் இதயம் தளரும் நேரத்தில் கெண்டைக்காலிலிருந்து மேல்நோக்கி வரிசையாக இறுகி, ரத்தத்தைக் கரோனரி குழாய்களை நோக்கித் தள்ளும். வழக்கமாக ஒரு மணி நேரம் வீதம் 35 அமர்வுகள். 1999இல் வெளியான 139 பேர் சோதனையில் நெஞ்சுவலி குறைந்தது, டிரெட்மில்லில் ஈசிஜி மாறுவதும் தள்ளிப்போனது. மருந்துக்கும் ஸ்டென்டுக்கும் பைபாஸுக்கும் அப்பால் வலி மிஞ்சியவருக்கு இது ஒரு வழி. இடது பிரதான குழாயில் அடைப்பு உள்ளவரிடம் இதை பைபாஸுக்கு மாற்று என்று விற்பது ஏமாற்று. பெருந்தமனி வால்வு கசிவு, காலில் ரத்தக்கட்டி, பெருந்தமனி வீக்கம் உள்ளவர்களுக்கு இது கூடாது.

"முன்பழக்கம்" என்று ஒரு பாதுகாப்பைப் பற்றிப் படித்தேன். அது என்ன?

ப்ரீகண்டிஷனிங் என்று மருத்துவர்கள் சொல்வது. 1986இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மர்ரி, ஜென்னிங்ஸ், ரைமர் மூவரும் நாய்களின் கரோனரி குழாயை 5 நிமிடம் அடைத்து, 5 நிமிடம் திறந்துவிட்டு, இப்படி நான்கு முறை செய்தார்கள். அதன் பிறகு 40 நிமிடம் தொடர்ச்சியாக அடைத்தார்கள். இடையிடையே 20 நிமிடம் ஏற்கெனவே பட்டினி கிடந்த தசை அதிகமாகச் செத்திருக்க வேண்டும். நேர்மாறாக, இறந்த பகுதி, இப்படிச் செய்யாமல் நேராக 40 நிமிடம் அடைத்த நாய்களில் இருந்ததில் கால் பங்குதான்.

அதே ஆய்வில் இன்னொரு பாதி உண்டு, பலர் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கடைசி அடைப்பை 40 நிமிடத்துக்குப் பதில் 3 மணி நேரமாக நீட்டியபோது எந்தப் பாதுகாப்பும் தெரியவில்லை. முன்பழக்கம் சாவைத் தள்ளிப்போடுகிறது. தள்ளிப்போட்ட நேரத்துக்குள் குழாய் திறக்கப்பட்டால்தான் அதற்கு மதிப்பு. இந்தப் பக்கத்தில் வரும் எல்லாப் பாதுகாப்புகளுக்கும் இந்த நிபந்தனை பொருந்தும்.

அந்தச் சிறு அடைப்புகள் செல்லுக்குள் எதை மாற்றுகின்றன?

சிறு அடைப்பின்போது அடினோசின், பிராடிகைனின், உடலே சுரக்கும் ஓபியாய்டுகள் ஆகிய மூன்றும் செல் சுவரின் ஏற்பிகளைத் தட்டுகின்றன. ஒன்று போதாவிட்டாலும் மூன்றும் சேர்ந்து ஒரு வாசலைத் தாண்டிவிடும். அதனால்தான் ஒரு நிமிட அடைப்பு போதுவதில்லை, 5 நிமிடம் போதுகிறது. ஏற்பிகளிலிருந்து செய்தி புரத கைனேஸ் சி முதலான நொதிகள் வழியாக மைட்டோகாண்ட்ரியாவை அடைகிறது.

சண்டை முடிவாவது அங்கே. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் ஒரு பெரிய துளை திறக்கக்கூடும். திறந்து அப்படியே நின்றுவிட்டால் மின்னழுத்தம் போய், ஏடிபி உற்பத்தி நின்று, மைட்டோகாண்ட்ரியா வீங்கி வெடித்து, செல்லும் சாகும். கால்சியமும், செல்லைத் தாக்கும் ஆக்சிஜன் தீவிர மூலக்கூறுகளும் துளையைத் திறக்கத் தூண்டும். அமிலம் அதை மூடி வைக்கும். முன்பழக்கம் பெற்ற செல்லில் இந்தத் துளை லேசில் திறப்பதில்லை.

இந்தக் காப்பு எவ்வளவு நேரம் நிற்கும்?

இரண்டு தவணை. முதலாவது உடனே வந்து 1 முதல் 2 மணி நேரத்தில் போய்விடும். ஏற்கெனவே உள்ள புரதங்களின் நிலை மாற்றம் மட்டுமே அது. இரண்டாவது ஏறக்குறைய ஒரு நாள் கழித்து எழுந்து 72 மணி நேரம் வரை நிற்கும். இதை 1993இல் லண்டனிலும் ஜப்பானிலும் தனித்தனியாகக் கண்டார்கள். இது தாமதமாவதற்குக் காரணம், நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதி, வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் போன்றவற்றைச் செல் புதிதாகச் செய்ய வேண்டியிருப்பது. முதல் தவணை அளவுக்கு வலுவானது அல்ல, ஆனால் நீண்ட நேரம் நிற்கும்.

காலையில் நடக்கத் தொடங்கும்போது நெஞ்சு பிடிக்கிறது. நின்றுவிட்டு மறுபடி நடந்தால் வலிப்பதில்லை. இதுவும் அதுதானா?

பெரும்பாலும் ஆம் என்றே கருதப்படுகிறது. வார்ம்-அப் ஆஞ்சைனா என்று இதற்குப் பெயர்; ஆஞ்சைனா என்பது ரத்தக்குறையால் வரும் நெஞ்சுவலி. நெஞ்சுவலியை முதலில் தெளிவாக விவரித்த வில்லியம் ஹெபர்டனே, தினமும் அரைமணி நேரம் மரம் அறுத்து ஏறக்குறைய குணமான ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஓரளவு துணைக் குழாய்கள் திறப்பதும், ஓரளவு தசையின் முன்பழக்கமும் சேர்ந்தது இது.

"நடந்தால் சரியாகிவிடுகிறது, அதனால் வாயுவாகத்தான் இருக்கும்" என்று நினைத்து விட்டுவிடுவது பெரிய தவறு. நடக்கும்போது வந்து நின்றால் போகும் வலி, கரோனரி நோயின் அடையாளம். அது புதிதாகத் தொடங்கியிருந்தாலோ, குறைந்த தூரத்திலேயே வரத் தொடங்கினாலோ, ஓய்விலும் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாரடைப்புக்கு முந்தைய நாள் நெஞ்சுவலி வந்தவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள் என்பது உண்மையா?

1990களில் ரத்தக்கட்டி கரைப்பு மருந்துச் சோதனைகளின் தரவுகளைப் பிரித்துப் பார்த்தபோது அப்படித் தெரிந்தது: முன்கூட்டி ஆஞ்சைனா வந்தவர்களுக்கு, குறிப்பாக 24 மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு, இறந்த தசை குறைவு. 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இந்த நன்மை மங்கியிருந்தது. இது முன்கூட்டிய வலியைப் பொறுத்துக்கொள்ளக் காரணம் ஆகாது. அந்த வலியோடு அன்றே வந்திருந்தால் மாரடைப்பையே பலருக்குத் தடுத்திருக்க முடியும்.

ரத்தம் திரும்பி வருவதே கெடுதல் செய்யும் என்கிறார்களே?

செய்யும், திறக்காமல் விடுவதைவிட மிகமிகக் குறைவாக. அடைப்பு நேரத்தில் சேர்ந்த அமிலம் ரத்தம் பாய்ந்ததும் சில நிமிடங்களில் கழுவப்படும். அமிலத்தை வெளியேற்றும் அவசரத்தில் செல் சோடியத்தை உள்ளே வாங்கும், சோடியத்தை வெளியேற்றக் கால்சியத்தை வாங்கும். அதே நேரம் மைட்டோகாண்ட்ரியாவில் எரியாமல் குவிந்த சக்சினேட் என்ற எரிபொருள் ஒரேயடியாக எரிந்து ஆக்சிஜன் தீவிர மூலக்கூறுகளைக் கக்கும். கால்சியம் ஏறியாகிவிட்டது, தீவிர மூலக்கூறுகள் வந்தாகிவிட்டன, துளையை மூடி வைத்திருந்த அமிலம் போய்விட்டது. துளை திறக்கிறது. அதுவரை பிழைத்திருந்த செல்களில் ஒரு பகுதி இந்த முதல் நிமிடங்களில் சாகிறது.

ரத்தத்தைத் தவணை முறையில் திறந்துவிட்டால்? 2003இல் நாய்களில் 60 நிமிட அடைப்புக்குப் பிறகு, 30 விநாடி திறந்து 30 விநாடி மூடி, மூன்று முறை செய்தார்கள். இறந்த தசை 44 சதவீதம் குறைந்தது. முக்கிய காரணங்களில் ஒன்று, அமிலம் மெதுவாகக் கழுவப்பட்டதுதான். பின்பழக்கம் என்று இதைச் சொல்லலாம். மனிதர்களில் 30 பேரிடம் செய்த முதல் சோதனை நம்பிக்கை தந்தது. 2017இல் 1,234 பேரிடம் செய்த டென்மார்க் சோதனையில் இறப்பும் இதயச் செயலிழப்பும் குறையவில்லை. துளையை நேரடியாக மூடும் சைக்ளோஸ்போரினும் 2015இல் 970 பேர் சோதனையில் தோற்றது.

கையில் பிபி பட்டையைக் கட்டி இறுக்கினால் இதயம் காக்கப்படுமாமே?

விசித்திரமாகத் தோன்றினாலும் அடிப்படை உண்மையானது. 1993இல் ஒரு கரோனரி குழாயைச் சிறிது நேரம் அடைத்துத் திறந்தபோது, தொடாத அடுத்த குழாயின் பகுதியும் பாதுகாப்புப் பெற்றதைக் கண்டார்கள். பிறகு சிறுநீரகம், குடல், கடைசியில் கைகால் தசையே போதும் என்று ஆனது. நரம்புகளும் ரத்தத்தில் கலக்கும் பொருள்களும் சேர்ந்து இந்தச் செய்தியை இதயத்துக்குக் கொண்டுபோகின்றன. அதில் வேகஸ் நரம்புக்குப் பங்கு உண்டு.

முறை எளிது: மேல்கையில் பட்டையை 200 மிமீ பாதரச அழுத்தத்துக்கு ஏற்றி 5 நிமிடம், இறக்கி 5 நிமிடம், இப்படி நான்கு சுற்று. 2010இல் டென்மார்க்கில் ஆம்புலன்ஸிலேயே இதைச் செய்து ஆஞ்சியோபிளாஸ்டிக்குக் கொண்டுபோனபோது, ஆபத்தில் இருந்த தசையில் காப்பாற்றப்பட்ட பங்கு 0.55இலிருந்து 0.75 ஆனது. எல்லாரும் உற்சாகமானார்கள். 2019இல் 5,401 பேர் கொண்ட பெரிய சோதனையின் முடிவு வந்தது: ஓராண்டில் இதய மரணமோ இதயச் செயலிழப்புக்கான மருத்துவமனை அனுமதியோ நேர்ந்தவர்கள் பட்டை கட்டியோரில் 9.4 சதவீதம், கட்டாதோரில் 8.6. பலன் இல்லை. இதய அறுவையிலும் 2015இல் இரண்டு பெரிய சோதனைகள் இதே கதையாக முடிந்தன.

ஏன்? சோதனைச்சாலையில் இளம், நோயற்ற விலங்கு. மருத்துவமனையில் வயதும் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்தவர். அறுவைச் சோதனைகளில் பெரும்பாலோருக்குக் கொடுத்த மயக்க மருந்து புரோபபால். அது இந்தச் சமிக்ஞையை அடக்குவதாகக் கருதப்படுகிறது. இன்னொன்றும் முக்கியம்: குழாய் சீக்கிரமே திறக்கப்பட்டு, நல்ல மருந்துகளும் பெற்ற நோயாளியிடம் இன்னும் காப்பாற்ற மிச்சமிருப்பது குறைவு. வீட்டில் பட்டையைக் கட்டிப் பார்க்க எந்த முகாந்திரமும் இல்லை. டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த (ஃபிஸ்டுலா உள்ள) கையிலும், மார்பக அறுவை நடந்த பக்கத்துக் கையிலும் கட்டுவது நேரடியான ஆபத்து.

இந்த இயற்கைப் பாதுகாப்பைக் கெடுப்பவை எவை?

வயது, சர்க்கரை நோய், நீண்டநாள் உயர் ரத்த அழுத்தத்தால் தடித்த இதயச் சுவர், அதிகக் கொழுப்பு. இவை எல்லாமே முன்பழக்கத்தின் வாசலை உயர்த்திவிடுகின்றன. 5 நிமிடத்தில் எழ வேண்டிய பாதுகாப்பு எழுவதில்லை.

மாத்திரைகளில் அதிகம் பேசப்படுவது கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை. கணையத்தில் பொட்டாசியம் கதவை மூடி இன்சுலினைச் சுரக்கவைக்கும் இது, இதயத்தில் உள்ள அதே வகைக் கதவையும் மூடுகிறது. கிளிமிபிரைடு இந்த விஷயத்தில் மென்மையானது. 2019இல் வெளியான பெரிய ஒப்பீட்டில் அது இதய நிகழ்வுகளைக் கூட்டவில்லை. எதையும் தானாக நிறுத்த வேண்டாம், இதய நோய் இருப்பதை சர்க்கரை மருத்துவரிடம் சொல்லுங்கள், போதும். எதிர்த்திசையில், அந்தக் கதவைத் திறக்கும் நிகோராண்டில் 2002இல் 5,126 ஆஞ்சைனா நோயாளிகளிடம் செய்த சோதனையில் இதய நிகழ்வுகளை 17 சதவீதம் குறைத்தது.

காப்பி, தேநீரிலுள்ள கஃபீன் அடினோசின் ஏற்பிகளை மறிக்கும். அன்றாட வாழ்வில் இதனால் தீங்கு என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் அடினோசின் கொடுத்து எடுக்கும் ஸ்கேனுக்கு முன் 12 முதல் 24 மணி நேரம் காப்பி, தேநீர், கோலா, சாக்லேட் வேண்டாம் என்பதைக் கட்டாயம் பின்பற்றுங்கள். குடித்துவிட்டுப் போனால் குழாய் சரியாக விரியாது. இருக்கும் ரத்தக்குறை ஸ்கேனில் தெரியாமல் போகும்.

மாரடைப்புக்குப் பின் எக்கோவில் பம்பிங் 30 சதவீதம். அந்தத் தசை செத்துவிட்டதா?

இப்போதே சொல்ல முடியாது. சரியான நேரத்தில் குழாய் திறக்கப்பட்டும் தசை நாட்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் அசையாமல் இருக்கும். இதை ஸ்தம்பித்த தசை என்று 1982இல் பிரான்வால்டும் குளோனரும் விவரித்தார்கள். அது உயிருள்ள தசை, தானாகத் தேறும். அதனால்தான், ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் சரிசெய்யும் ஐசிடி கருவி பொருத்துவதா என்ற முடிவை மாரடைப்புக்குப் பின் குறைந்தது 40 நாள், ஸ்டென்ட் அல்லது பைபாஸ் நடந்திருந்தால் 90 நாள் தள்ளிவைத்து, எக்கோவை மறுபடி எடுக்கிறார்கள்.

இன்னொரு வகை, உறங்கும் தசை. நாட்பட்ட ரத்தக்குறைக்கு ஏற்பத் தன் வேலையைக் குறைத்துக்கொண்டு உயிரைக் காப்பது இது. ரத்தம் கொடுத்தால் எழும் என்ற எதிர்பார்ப்பில் எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன் எடுத்துத் தேடுகிறார்கள். இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. பலவீனமான இதயத்துக்கு பைபாஸ் செய்தால் பத்தாண்டு உயிர்வாழ்வு கூடும் என்று ஒரு பெரிய சோதனை காட்டியது. உயிருள்ள தசை இருப்பதை உறுதிசெய்து ஸ்டென்ட் வைத்துப் பார்த்த 2022 சோதனையில் மருந்தைவிடக் கூடுதல் பலன் எதுவும் வரவில்லை. "தசை உயிரோடு இருக்கிறது, ஆகவே ஸ்டென்ட் வை" என்ற கணக்கு எப்போதும் சரியாக வருவதில்லை.

இறந்த தசை மறுபடி வளருமா?

வரிக்குதிரை மீனுக்கு வளரும். பிறந்து ஒரு வாரத்துக்குள் உள்ள எலிக்குட்டிக்கும் வளரும். மனிதருக்கு 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீத இதயத் தசை செல்கள் புதுப்பிக்கப்படுகின்றன, 75 வயதில் அரை சதவீதத்துக்கும் கீழ். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் ஏறிய கார்பன்-14ஐ வைத்து 2009இல் கணக்கிட்டது இது. ஒரு பெரிய மாரடைப்பு பல கோடிச் செல்களைக் கொன்றுவிடும். இந்த வேகத்தில் அதை ஈடுகட்ட முடியாது. அந்த இடத்தில் தழும்புதான் உருவாகும்.

நெஞ்சுவலி வந்தால், இந்தப் பாதுகாப்புகள் வீணாகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

உழைப்பை நிறுத்தி உட்காருங்கள், செலவு குறையட்டும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 எண்ணை அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள். ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லையென்றால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 300, குளோபிடோகிரல் 300, அட்டோர்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம் முதல் தவணையாகத் தரப்படுகிறது. ஈசிஜியில் முழு அடைப்பு தெரிந்தால், 2 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி நடக்கும் இடத்தை எட்ட முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் இருக்கும் இடத்திலேயே கட்டி கரைக்கும் ஊசி போட்டுக்கொண்டு பிறகு பயணம் செய்வதுதான் சரி. பெரிய ஊர் மருத்துவமனைக்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஊசியை மறுத்துவிட்டு மூன்று மணி நேரம் காரில் போகும் குடும்பங்கள் உண்டு. மர்ரியின் நாய்களில் பாதுகாப்பு காணாமல் போனதும் அந்த மூன்று மணி நேரத்தில்தான்.

ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை இதயத்துக்குக் காப்பாகுமா?

ஆகாது. 2002இல் வெளியான 20,536 பேர் சோதனையில் தினமும் வைட்டமின் ஈ 600, சி 250, பீட்டா கரோட்டின் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில் மாரடைப்போ இறப்போ குறையவில்லை. தவிர, முன்பழக்கம் எழுவதற்கே சிறிதளவு ஆக்சிஜன் தீவிர மூலக்கூறுகள் தேவை. விலங்குச் சோதனையில் அந்த நேரத்தில் ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தால் பாதுகாப்பு எழாமலே போகிறது.